எரியாத புண்

எரியவில்லை.

பச்சைமிளகாயும் இஞ்சியும் பூண்டும் உப்பும் சேர்த்து அரைத்த விழுதை மாமியார் தல்கிதே விரல்நுனியில் அள்ளி, புது மருமகள் ஷெவாயேயின் இடது கன்னத்தில் எழும்பியிருந்த சிறு வீக்கத்தின்மேல் அழுத்தித் தேய்த்துவிட்டு, கையை எடுக்காமல் காத்திருந்தாள். அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். விழுதின் ஈரம் ஷெவாயேக்குத் தெரிந்தது. மிளகாய் விதையின் சொரசொரப்புத் தெரிந்தது. காரத்தின் நெடி கண்ணைக் கரித்தது, மூக்கு ஒழுகியது. வீக்கத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை. யாருடைய கன்னத்திலோ பூசியதுபோல அது சும்மா இருந்தது.

"என்ன அண்ணி, இன்னும் கத்தல?" என்றாள் நாத்தனார் அமனெச். பதினாறு வயதுப் பெண், வாய் நிற்காது. "எங்க ஊரு மிளகாய் அவ்வளவு சப்புன்னா இருக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். மாமியார் சிரிக்கவில்லை. அவளுடைய கண் மருமகளின் முகத்தை விட்டு நகரவில்லை.

ஷெவாயே கத்தினாள்.

கத்திய மாத்திரத்தில் வீடே குலுங்கிற்று. ஒருத்தி குலவை போட்டாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், தடுப்புக்கு அப்பால் கட்டியிருந்த மாடுகள் மிரண்டு காலை உதைத்தன. "எரியுதாடி தங்கம்? எரியட்டும், எரியட்டும்! எரிஞ்சாத்தான் ஆறும்!" என்று தல்கிதே அவளைக் கட்டிக்கொண்டாள். "இனிமே நீ எங்க ஊரு பொண்ணுடி!" மாமியாரின் தோளில் முகம் புதைந்திருந்த ஷெவாயேக்கு மிளகாய் நெடியால் வந்த கண்ணீர் நிற்கவே இல்லை. நல்லவேளை, அதுவும் அவளுக்குச் சாட்சியாகிவிட்டது.

காமோ மலையில், பாறைமேல் பாறையாக அடுக்கியதுபோல் இருக்கும் அந்த ஊரில் தழும்பில்லாத முகம் கிடையாது. மூக்கில், கன்னத்தில், நெற்றியில், உதட்டோரத்தில் என்று எல்லாருக்கும் எங்கேயாவது ஓர் இடத்தில் தோல் சுருங்கிப் பளபளத்துக் கிடக்கும். கல்கடி என்பார்கள். பிறந்து நடை பழகுவதற்குள் பெரும்பாலும் வந்துவிடும். பாறை இடுக்குகளில் குடியிருக்கும் வாலில்லாத குழிமுசல்களும், சாயங்காலத்தில் அதே இடுக்கிலிருந்து சத்தமில்லாமல் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத ஈயும்தான் காரணம் என்று டவுனிலிருந்து வந்த நர்ஸம்மா பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தாள். ஊர் அதை மறுக்கவில்லை. ஆனாலும் கல்தான் கடிக்கிறது என்றே சொல்லிக்கொண்டது.

ஷெவாயே ஏரிக்கரைக்காரி. கீழே வெயிலும் மீனும் வாழைத்தோட்டமுமாக வளர்ந்தவள். அவள் முகம் துடைத்த வெண்கலத் தட்டாட்டம் இருக்கும். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த அன்று, முதன்முதலாக மலையேறியவள், பக்கத்தில் நின்ற சித்தி மகளிடம், "என்னடி இது, ஊரே கோழி கொத்தின மூஞ்சியா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். மெல்லக் கேட்டதாகத்தான் நினைத்தாள். தல்கிதே திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் ஷெவாயேக்கு உடம்பு கூசும். அப்படிக் கேட்ட வாயை இப்போது எங்கே கொண்டுபோய் மறைப்பது?

கல்கடியின் முறையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அமனெச். அவித்த கிழங்கை உரித்துக்கொண்டே, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

"பூச்சி உள்ள பூந்துடும் அண்ணி. உடம்புக்கு ரோஷம் வரும். யார்ரா நீன்னு சண்டைக்கு நிக்கும். அந்தச் சண்டைதான் செவப்பு, அரிப்பு, எரிச்சல், சீழு எல்லாம். ஒரு வருஷம் படுத்தும். அப்புறம் பூச்சி செத்துத் தழும்பாயிடும். ஆயுசுக்கும் மறுபடி வராது. உடம்பு பூச்சியோட மூஞ்சிய ஞாபகம் வச்சுக்கும்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"சண்டை போடலன்னா?"

அமனெச் கிழங்கைக் கீழே வைத்தாள். "அதெல்லாம் எங்கயோ ஒருத்திக்கு. சூடு சொரணையில்லாத உடம்பு. வீங்கும், எரியாது. பூச்சிக்குப் பாயை விரிச்சுப் போட்டுக் குடித்தனம் நடத்த விட்டுடும். அப்படி இருந்தா ஒடனே சொல்லிடணும் அண்ணி. டவுனுக்குத் தூக்கிட்டுப் போயி மாசக்கணக்குல ஊசி போட்டா சரி பண்ணிடலாமாம். ஆரம்பத்துலயே போனாத்தான்."

"அப்ப பயமில்லையே."

"ஊசிக்கு என்ன பயம்? இங்க இருக்குற காலம் முறிஞ்சுடும்ல? புதுப் பொண்ணு மாசக்கணக்குல வீட்டுக்குள்ளயே இருந்து வெண்ணெ தின்னு, கடைசியில சந்தையச் சுத்தி வலம் வந்தாத்தான் பொண்டாட்டி. பாதியில படி தாண்டினவள மறுபடி உள்ள கூப்பிட மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எங்க பலோத்தே அத்தைக்கு, இதே வீட்டுல, அப்படித்தான் இருந்துச்சு."

"இருந்துச்சுன்னா? இப்ப எங்க?"

"ஏரிக்கரைப் பக்கம் போயிட்டாங்க" என்றாள் அமனெச். சொல்லிவிட்டுக் கிழங்கை மறுபடி எடுத்து, உரித்த இடத்தையே உரித்தாள்.

ஆகவே ஷெவாயேக்கு எல்லாம் தெரியும். சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் தெரியும். ஆனால் அத்தனை பெண்கள் நடுவில், அத்தனை தழும்புகள் நடுவில், அந்த ஊரையே பழித்த வாயைத் திறந்து, எனக்கு மட்டும் எரியவில்லை, என் உடம்புக்கு மட்டும் ரோஷமில்லை என்று எப்படிச் சொல்வாள்? நாளைக்குச் சொல்லலாம். ஒருவேளை நாளைக்கு எரியவும் எரியலாம்.

நாளைக்கும் எரியவில்லை.

மூங்கில் பின்னி, வாழை மாதிரியே இருந்தாலும் குலை தள்ளாத என்செத்தின் சருகு வேய்ந்த உயரமான கூண்டு வீடு அது. சன்னல் கிடையாது. நடுப்பகலிலும் அடுப்பு வெளிச்சம்தான். மணப்பெண்ணுக்கு ஒதுக்கிய உள்ளறை வீட்டின் பின்கோடியில், பாறையை ஒட்டி இருந்தது. மாட்டு மூச்சின் வெதுவெதுப்பு, குழியில் புதைத்துப் புளிக்கவைத்த என்செத்து மாவின் வாடை, தலையில் அப்பிய வெண்ணெய் உருகிக் கழுத்தில் இறங்கும் நாற்றம், பாறையிலிருந்து கசியும் பச்சைக் குளிர் என்று எல்லாம் சேர்ந்து அந்த இருட்டு ஒரு கனமான போர்வையாட்டம் அவள்மேல் கிடந்தது. வேலை செய்யக் கூடாது, வெளியே போகக் கூடாது, தின்ன வேண்டும், உறங்க வேண்டும், வெளுத்துப் பூரிக்க வேண்டும். மூங்கில் சுவருக்குப் பின்னால் குழிமுசல்கள் கல்லில் நகம் கீறி ஓடுவது கேட்கும். பொழுது சாயும் நேரத்தில் அவற்றில் ஒன்று கீழ்க்குரலில் உறுமத் தொடங்கி, படிப்படியாக ஏறி, மனுஷப் பிள்ளை வீறிடுவதுபோல் அலறி, சட்டென்று நின்றுவிடும்.

அந்த நேரத்தில்தான் தல்கிதே விழுதுக் கிண்ணத்தோடு வருவாள். அந்த நேரத்தில்தான் ஷெவாயேயும் கத்த வேண்டும்.

தினமும் கத்தினாள். முதலில் தொண்டை ஒத்துழைக்கவில்லை, பிறகு பழகிற்று. வாசலில் தறியில் உட்கார்ந்திருக்கும் கணவன் அஞ்சுலோவின் நாடா ஓடும் சத்தம், அவள் கத்தும் கணத்தில் நிற்கும். கத்தி முடித்து வெகுநேரம் கழித்துத்தான் மறுபடி ஓடும்.

"நீ கத்துறப்பல்லாம் நூல் அறுந்துடுது" என்றான் ஒரு நாள், இருட்டில் பக்கத்தில் படுத்துக்கொண்டு. "அம்மாகிட்ட இன்னிக்கு வேண்டாம்னு சொல்லட்டுமா?"

"வேணாங்க. எரிஞ்சாத்தானே ஆறும்?"

"அதுவும் சரிதான்." அவளுடைய கையை எடுத்துத் தன் மூக்கின்மேல் வைத்தான். அங்கே தழும்பு நட்சத்திரமாய்க் குழிந்திருந்தது. "மூணு வயசுல வந்துச்சு. நான் கத்துன கத்துல எதிர்மலைக்காரன் வந்து எட்டிப் பார்த்தானாம். தைரியமா இரு. மூஞ்சி வீங்கும், பயந்துடாத. எல்லாருக்கும் வீங்கும். நீ எப்படி ஆனாலும் எனக்கு நீதான்."

எவ்வளவு நல்லவன்! இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அவன் கை கன்னத்துக்கு வந்தது. "தொடாதீங்க, எரியுது" என்றாள். அவன் சுட்டுக்கொண்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் அவள் முகத்தைத் தொடவே இல்லை. வெட்கத்தில் ஷெவாயே விடியும்வரை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கொஞ்ச காலம் கழித்து ஒரு சாயங்காலம் மாமியார் பூசிவிட்டுப் போனபின், அடுப்படியில் பெண்களின் பேச்சுக் கேட்டது. மருமகளின் கத்தலில் ஏதோ குறைகிறது என்றாள் ஒருத்தி. பழகிடுச்சு போல என்றாள் இன்னொருத்தி. ஷெவாயே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சுவரில் நகம் கீறும் சத்தம் கேட்டது. மேலேயும் கீழேயும் ஓடாமல் அது ஒரே இடத்தில் நிதானமாகக் கீறிக்கொண்டிருந்தது.

"தொண்டையிலருந்து கத்தாத" என்றது சுவர். "வயித்துலருந்து கத்து."

ஷெவாயே சுவரை விட்டுத் தள்ளி நகர்ந்தாள். சுவருக்கும் பாறைக்கும் நடுவில் இடம் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"யாரு?"

"எரிஞ்சா மனுஷி ஒடனே கத்த மாட்டா, பொண்ணே. மொதல்ல மூச்சு நிக்கும். பல்லு கிட்டிக்கும். அதுக்கப்புறம்தான் சத்தம் வரும். நீ அவசரப்படுற."

பெண் குரல். வயதைச் சொல்ல முடியாத குரல். மூக்கு அடைத்தவள் பேசுவதுபோல் சொற்கள் கொழகொழத்து வந்தன. ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் ஒரு சிறு விசில்.

"நீங்க... பலோத்தே அத்தையா? ஏரிக்கரைக்குப் போயிட்டீங்கன்னு..."

"எங்க போனா என்ன?" என்றது குரல், சிரித்த மாதிரி. "ரெண்டு வருஷம் கத்தினேன். ஒரு பய கண்டுபிடிக்கல."

மறுநாள் ஷெவாயே முதலில் மூச்சை நிறுத்தினாள். பல்லைக் கடித்தாள். பிறகு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அடுப்படியில் பெண்கள் பதறிப்போய் மார்பில் கைவைத்தார்கள், ஒரு கிழவி அழுதேவிட்டாள். வெளியே அஞ்சுலோ தறியை விட்டு எழுந்து ஓடுவது கேட்டது. அவள் மனம் பட்ட நிம்மதி இருக்கிறதே, அதுதான் வெட்கக்கேடு. சுவருக்கு அப்பாலிருந்தவளுக்கு அவள் நன்றிகூடச் சொன்னாள்.

கன்னத்து வீக்கம் ஆறவும் இல்லை, உடையவும் இல்லை. பக்கத்தில் ஒன்று வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. சிவக்கவில்லை, அரிக்கவில்லை, புண்ணாகி நீர் வடியவில்லை. ஊறவைத்த மொச்சைக் கொட்டைகளாட்டம் வழவழவென்று, குளிர்ந்து, தோலுக்கடியில் சாவகாசமாகப் பெருத்தன. கைபேசி என்றைக்கோ உயிரை விட்டிருந்தது. அந்த மலையில் மின்சாரம் வந்தால் உண்டு. அது செத்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணாடி கேட்கவில்லை. விரல்தான் கண்ணாடி. கண் விழித்ததும் விரல் தானாக முகத்துக்குப் போகும். நேற்றைக்கு இங்கே பள்ளம் இருந்ததே. இப்போது எங்கே?

"காதுக்கு வந்துடுச்சா?" என்று ஒரு நாள் கேட்டது குரல்.

அன்று காலையில்தான் வலது காதின் மடல் கனப்பதை உணர்ந்திருந்தாள். தோட்டைக் கழற்றிவிட்டாள். தலையைத் திருப்பினால் மடல் ஒரு கணம் பின்தங்கி ஆடிற்று.

"எப்படித் தெரியும்?"

"அப்படித்தான் வரும். கன்னம், காது. அடுத்து புருவம். அப்புறம் மூக்கு." விசில். "மூக்குக்கு வந்தா மூச்சுல சத்தம் வரும். கேளு."

சுவருக்கு அப்பால் அவள் மூச்சு விட்டுக்காட்டினாள். மெதுவாக. பலமுறை.

ஷெவாயே காதைப் பொத்திக்கொண்டாள். உள்ளங்கைக்குள் மடல் நிறைந்தது.

"அத்தைக்குத் தெரியுமா?" என்று கடைசியில் கேட்டாள். "எங்க மாமியாருக்கு?"

"தடவுற விரலுக்குத் தெரியாமலா போகும்?"

"தெரிஞ்சா ஏன் கேக்கல?"

"கேட்டா நீ சொல்லிடுவ. சொன்னா அவளுக்கும் தெரிஞ்ச மாதிரி ஆயிடும்ல? இந்த வீட்டுல ரெண்டாவது தடவை. அவளுக்கு மட்டும் வெக்கம் இருக்காதா?"

அன்று சாயங்காலம் ஷெவாயே மாமியாரைக் கவனித்தாள். தல்கிதே அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை அடுப்பின் பக்கம் வைத்துக்கொண்டு, அன்றைய சமாச்சாரமெல்லாம் பேசிக்கொண்டே, இருட்டில் விரலை மட்டும் ஓட்டினாள். கன்னம். காது. புருவம். ஒரு வீக்கத்தையும் தவறவிடவில்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தட்டுத்தடுமாறவும் இல்லை. விழுதுக் கிண்ணம் முன்பு உள்ளங்கைக்குள் அடங்கும். இப்போது அவள் கொண்டுவந்தது கஞ்சிச் சட்டி. எப்போது மாற்றினாள் என்று ஷெவாயேக்கு நினைவில்லை.

"எரியுதாடி தங்கம்?"

மூச்சை நிறுத்தினாள். பல்லைக் கடித்தாள். கத்தினாள்.

"எரியட்டும்" என்றாள் தல்கிதே அடுப்பிடம்.

அன்றைக்குத்தான் ஷெவாயே தீர்மானித்தாள். போதும். ஊர் சிரிக்கட்டும். மலையை விட்டுத் துரத்தட்டும். சந்தை வலம் இல்லாவிட்டால் போகிறது, பெண்டாட்டி இல்லாவிட்டால் போகிறது, முகமாவது மிஞ்சும். ஊசி இருக்கிறது. டவுன் இருக்கிறது. அஞ்சுலோ நல்லவன், அவன் முதுகில் சுமந்தாவது கொண்டுபோவான். அவன் வந்து படுக்கும்வரை இருட்டில் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க."

"ம்?"

"எரியலைங்க."

அவன் எழுந்து உட்கார்ந்தான். "என்ன சொன்ன?"

"எரியல. மிளகா போட்டா எரியல."

அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் கன்னம் நனைந்திருந்தது. "நின்னுடுச்சா? எரிச்சல் நின்னுடுச்சா? ஆறிடுச்சுடி! எத்தனை மாசம் துடிச்ச நீ! அம்மா! ஏ அமனெச்! எழுந்திரிங்க!"

"இல்லைங்க, இப்ப இல்ல, எப்பவுமே..."

அவன் அதற்குள் தடுப்பைத் தாண்டிவிட்டான். "அம்மா, ஆறிடுச்சாம்! மிளகா போட்டாக்கூட எரியலையாம்!" அமனெச்சின் குலவை வெடித்தது. பக்கத்து வீட்டில் ஒருத்தி காரணம் தெரியாமலே பதில் குலவை போட்டாள். அதற்கடுத்த வீடு. மாடுகள் மிரண்டன. ஊரே பாறைக்குப் பாறை விழித்துக்கொண்டு ஆர்ப்பரித்தது. மாமியாரின் குலவை மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சேர்ந்ததை ஷெவாயே கேட்டாள். ஆனால் சேர்ந்தது.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். எழுந்து போய், அடுப்பு வெளிச்சத்தில் முகத்தைக் காட்டியிருக்கலாம். அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் அவளால் முடியவில்லை. பாயிலேயே உட்கார்ந்திருந்தாள்.

சத்தம் அடங்கியபின் பின்சுவரில் நகம் கீறிற்று.

"நானும் சொன்னேன்" என்றது குரல். "அன்னிக்கும் குலவைதான் போட்டாங்க."

ஷெவாயேயின் மூச்சின் முடிவில் மெல்லிய விசில் வந்தது. சுவருக்கு அப்பாலும் வந்தது. கொஞ்ச நேரத்தில் எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

"சந்தைக்குப் போயிட்டு வா. இங்க எடம் பண்ணி வைக்கிறேன்."

சந்தை நாள் வந்தது.

விடியுமுன்பே பெண்கள் இருட்டில் அவளை அலங்கரித்தார்கள். தலையில் ஒரு கூம்பு வெண்ணெய். புதுப் பருத்திச் சேலை, அஞ்சுலோ தன் கையால் நெய்தது. முகத்தை மூடி ஒரு வெள்ளைத் துணி. துணியைப் போட்டவள் தல்கிதே. "அத்தை" என்றாள் ஷெவாயே. "பேசாத, மணப்பொண்ணு பேசக் கூடாது" என்றாள் தல்கிதே, மிகவும் அன்பாக.

கதவு திறந்தது. மாதக்கணக்கில் பார்க்காத வெயில் துணிக்கு வெளியே வெள்ளையாக எரிந்தது. பாறைச் சரிவில் கைத்தாங்கலாக அவளை நடத்திப் போனார்கள். மேளம். காப்பி இலைத் தண்ணீரின் இஞ்சி மணம். புதுத் துணியின் கஞ்சி மணம். ஆட்டுப் புழுக்கை. ஜனம். எவ்வளவு ஜனம்! நாலு திக்கிலும் சிரிப்பு, கூப்பாடு, "ஏரிக்கரை அழகிய எங்களுக்கும் காட்டுங்கப்பா!" என்று கேலி. வெயில் ஏற ஏறத் தலையில் வெண்ணெய் உருகி, நெற்றியில், காதோரத்தில், துணிக்குள்ளே வழிந்தது. சந்தையைச் சுற்றி வந்தார்கள். பெரிய அத்திமரத்தடியில் நிறுத்தினார்கள். முகத்துணியை எடுக்கும்போது மணப்பெண்ணின் கையில் பால்குடிக் குழந்தை இருக்க வேண்டும், அப்போதுதான் வயிறு திறக்கும் என்பது வழக்கம். யாரோ ஒரு பிள்ளைக்காரி தன் குழந்தையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சூடான, கனமான, பால் மணக்கும் குழந்தை.

குலவை எழுந்தது. நூறு நாக்குகள்.

துணி விலகிற்று.

கண் கூசியது. முதலில் வெறும் வெளிச்சம். பிறகு முகங்கள். தழும்புள்ள முகங்கள், நெருக்கமாக, வட்டமாக, வாய் திறந்து. முன்வரிசையில் ஒரு வாய் மூடிற்று. பக்கத்து வாய். அதற்குப் பின்னால். குலவை இழை இழையாக அறுந்தது. மேளம் இரண்டு தட்டுத் தட்டி நின்றது.

அமனெச் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அஞ்சுலோ எதிரே நின்றான். பார்த்தான். அவன் உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் தாழ்த்தி அவள் பாதத்தைப் பார்த்தான். அவனைப் பார்த்து அவன் பக்கத்தில் நின்றவன் பாதத்தைப் பார்த்தான். ஒவ்வொருவராக. சந்தை முழுக்க. ஆயிரம் கண்கள் அவள் பாதத்தில்.

தல்கிதே மட்டும் குலவையை நிறுத்தவில்லை. உலர்ந்த நாக்கால், ஒற்றையாய், கண்ணை இறுக மூடிக்கொண்டு போட்டுக்கொண்டே இருந்தாள். நிறுத்தத் தெரியாமல்.

பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்று ஷெவாயே ஏங்கினாள். கைகளில் குழந்தை. மூடிக்கொள்ளக்கூட முடியாது.

குழந்தை மட்டும்தான் அவள் முகத்தைப் பார்த்தது.

பயப்படவில்லை. பார்த்தது. சிரித்தது. கையை நீட்டிக் கன்னத்தைத் தட்டிற்று. விரலில் ஒட்டிய வெண்ணெயை நக்கிற்று. மறுபடி நீட்டிற்று. காது மடலைப் பிடித்தது. தொங்கிய மடல். வெண்ணெய் சொட்டும் மடல். வழவழப்பான, மெத்தென்ற, கொழுத்த மடல். இழுத்தது.

"பிள்ளைய வாங்கிக்குங்களேன்" என்றாள் ஷெவாயே. விசில்தான் வந்தது.

பிள்ளைக்காரி இரண்டு கையையும் நீட்டினாள். ஓர் அடி வைத்தாள். நின்றுவிட்டாள். கைகள் நீட்டியபடியே இருந்தன.

யாராவது. யாராவது வாங்க.

யாரும் வரவில்லை.

குழந்தைக்குப் பசி. தலையைத் திருப்பிற்று. வாயைத் திறந்தது. ஈரமான ஈறுகள் மடலைக் கவ்விக்கொண்டன. உறிஞ்சிற்று. மறுபடி. இழுத்து, தாளம் பிடித்து. ஒவ்வோர் இழுப்பும் அவளுக்குத் தெரிந்தது. வாயின் சூடு தெரிந்தது. வலிக்கவில்லை.

குழந்தை கண்களை மூடிக்கொண்டு, சின்னக் கையை அவள் கழுத்தில் வைத்துக்கொண்டு, குடித்துக்கொண்டிருந்தது.